மதுரையை ஒளியால் எழுதிய கேப்டன் டிரைப்

மதுரை என்று சொன்ன அளவிலேயே தமிழறிந்தார் நெஞ்சில் சங்கமும் வையையும் மீனாட்சியம்மையும் ஒருங்கே எழுவது இயல்பு. பாடிப் பாடி வளர்ந்த ஊர் அது. மாடங்களையும் மறுகுகளையும் புலவர்கள் சொல்லில் கட்டினர். நாயக்க மன்னர் கல்லிலும் சுண்ணச்சாந்திலும் கட்டினர். சொல்லில் கட்டியது ஏட்டில் நின்றது. கல்லில் கட்டியதோ போரிலும் புறக்கணிப்பிலும் சிதைந்து வந்தது. அவ்வாறு சிதைந்துகொண்டிருந்த காலத்தில், 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாட்டுவண்டிகளில் மரப்பெட்டிகளையும் காகிதக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஆங்கிலேயப் படைவீரர் மதுரைக்கு வந்தார். சில வாரங்கள் தங்கி, கோபுரங்களையும் மண்டபங்களையும் பாழடைந்த அரண்மனையையும் ஆற்றையும் மலைகளையும் ஒளியால் எழுதிக்கொண்டு போனார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் பிளிமத்தை அடுத்த டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் டிரைப் பிறந்தார். பன்னிரு மக்கள் பிறந்த குடும்பத்தில் ஒன்பதாமவர். செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் பெயரையே பெற்றோர் தம் மகனுக்கு இட்டனர். காண்பனவற்றை நிரல்படுத்திக் குறித்து வைக்கும் இயல்பு பெயரோடு சேர்ந்தே அவருக்கு வாய்த்தது போலும்.

அக்காலத்து ஆங்கிலேய இளைஞர் பலரைப் போல அவரும் இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, 1840 அளவில் தென்னாட்டில் பணியாற்றத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் கழிந்தன. 1850இல் விடுப்பில் தாயகம் சென்றவர், உடல்நலக் குறைவால் விடுப்பை நீட்டித்து 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த ஓய்வுக்காலமே அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

புதிய கலையின் இளமைக்காலம்

நிழற்படக்கலை அப்போது பதினைந்து வயதும் நிரம்பாத குழந்தை. பிரான்சில் டாகேரும் இங்கிலாந்தில் டால்பட்டும் 1839இல் தத்தம் முறைகளை உலகுக்கு அறிவித்திருந்தனர். டால்பட்டின் முறை காகிதத்தில் எதிர்ப்படம் எடுத்து, அதனின்று வேண்டிய படிகளை அச்சிடுவது. 1853ஆம் ஆண்டு லண்டனில் நிழற்படச் சங்கம் தொடங்கப்பட்டபோது டிரைப்பும் அதில் உறுப்பினரானார்.

பிரித்தானியரை அப்புதிய கருவி பெரிதும் இழுத்துச் சென்ற இடங்கள் பழங்கோட்டைகளும் இடிந்த மடங்களும் ஆகும். பெஞ்சமின் பிரெக்னல் டர்னர் லட்லோ கோட்டையைக் காகித எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். ரோஜர் பென்டன் ரீவோ மடத்தின் இடிபாடுகளையும் பின்னர் வின்ட்சர் கோட்டையையும் படம்பிடித்தார். பாசி படர்ந்த மதிலும் கூரையிழந்த மண்டபமும் அக்காலத்துக் கவிஞர்களுக்கு எவ்வளவு இனித்தனவோ அவ்வளவு நிழற்படக் கலைஞர்களுக்கும் இனித்தன. அதற்குத் தொழில்முறைக் காரணமும் ஒன்று உண்டு. ஒரு படம் எடுக்க நிமிடக்கணக்கில் கருவியின் கண் திறந்திருக்க வேண்டிய காலம் அது. மனிதன் அசைவான், மரம் ஆடும், கல் ஒன்றே பொறுமையாக நிற்கும்.

டிரைப் தம் ஊர்த் துறைமுகத்தில் கப்பல்களையும் கட்டுமானங்களையும் படம்பிடித்துக் கை பழகினார். 1854இல் கேப்டன் பதவியுடன் பெங்களூருக்குத் திரும்பிய அவர், அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹளபேடு, பேலூர்க் கோயில்களுக்குச் சென்றார். அங்கு எடுத்த படங்களை 1855இல் நடைபெற்ற சென்னைக் கண்காட்சியில் வைத்தபோது, காகிதத்தில் அமைந்த காட்சிப்பட வரிசைகளுள் சிறந்தது என நடுவர்கள் அதனைத் தேர்ந்தனர்.

அவர் திறம் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபுவின் செவிக்கு எட்டியது. 1855இல் பர்மிய மன்னர் மின்டோனின் அவைக்கு ஆர்தர் பேர் தலைமையில் தூதுக்குழு ஒன்று அனுப்பப்பட்டபோது, அதில் அரசு நிழற்படக் கலைஞராக டிரைப் சென்றார். மழையும் நோயும் நெருக்கிய அப்பயணத்தில் அவர் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெரிய எதிர்ப்படங்களை எடுத்தார். ஊர் திரும்பியபின் 120 படங்கள் கொண்ட தொகுதிகளாக அவற்றை அச்சிட்டுத் தந்தார். பகோடாக்களும் மரமடங்களும் நிறைந்த அப்படங்கள் பர்மா நாட்டைப் பற்றிய முதல் நிழற்படக் களஞ்சியங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றன.

சென்னை அரசின் நிழற்படக் கலைஞர்

கோயில்களும் அரண்மனைகளும் நாளுக்கு நாள் அழிந்து வருவதைக் கம்பெனியின் இயக்குநர்களும் உணர்ந்திருந்தனர். ஓவியர்களை வைத்து அவற்றை வரைவிப்பதற்குக் காலமும் செலவும் மிகுதி. ஓவியனின் கற்பனையும் இடையில் புகும். நிழற்படமோ விரைவானது, உள்ளதை உள்ளவாறு காட்டுவது என்று அவர்கள் கருதினர். பம்பாய் மாகாணத்தில் இப்பணி கேப்டன் பிக்சிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் ஆதரவோடு 1856இல் டிரைப் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார்.

1857ஆம் ஆண்டு வடநாட்டில் கிளர்ச்சி மூண்டது. நாடெங்கும் துப்பாக்கிகள் முழங்கிய அவ்வாண்டின் இறுதியில், தெற்கே ஒரு படைத்தலைவர் நிழற்படக் கருவியோடு பயணம் புறப்பட்டார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ராயக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என அப்பயணம் 1858ஆம் ஆண்டின் இளவேனில் வரை நீண்டது. இருப்புப்பாதை மதுரையைத் தொட்டது 1875இல்தான். ஆதலின் பயணம் முழுவதும் வண்டித்தடத்திலேயே நிகழ்ந்தது.

அவர் சுமந்து வந்த சுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழி அன்று நடைமுறையில் இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய காகிதத்தையே கருவிக்குள் வைக்க வேண்டும். டிரைப்பின் படங்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அதற்கேற்ற பேருருவான மரக்கருவி, முக்காலி, கண்ணாடித் தட்டுகள், வெள்ளி உப்புக் கரைசல்கள், மெழுகு, தூய நீர் அனைத்தும் வண்டியிலேயே வந்தாக வேண்டும். வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தை இருட்டில் பதப்படுத்தி, கருவியில் வைத்து ஒளி காட்டி, மீண்டும் இருட்டில் கரைசலிட்டு உருவை வெளிக்கொணர வேண்டும். பின்னர் அதனைக் கழுவி நிலைப்படுத்தி, உருகிய மெழுகைத் தடவி ஒளி ஊடுருவச் செய்ய வேண்டும். எதிர்ப்படம் அப்போதுதான் முற்றுப்பெறும். அதனை வேறொரு காகிதத்தோடு சேர்த்து வெயிலில் வைத்தால் நேர்ப்படம் தோன்றும். வெப்ப நாட்டில் இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் இடையூறு. தூசு, வியர்வை, கலங்கிய நீர் இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு நாள் உழைப்பையே கெடுத்துவிடும்.

அக்காலத்து வேதிப்பொருள்களுக்கு நீலமும் பச்சையும் ஒத்த நிறங்கள் அல்ல. வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். மரத்தின் பச்சையோ கரிய திரளாக இருண்டுவிடும். டிரைப் எதிர்ப்படத்தின் பின்புறத்தில் தூரிகையால் நுண்ணிய வண்ணம் தீட்டி, வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலையொளியையும் வருவித்தார். உள்ளதை உள்ளவாறு காட்டும் என்று அரசினர் நம்பிய கலையிலும் கலைஞனின் கை சற்றே கலந்தது. அவ்வாறு கலந்ததால்தான் அப்படங்களில் கல்லுக்கு மேல் வானம் ஒன்று இருக்கிறது.

மதுரையில் கண்டவை

மதுரைக்கு அவர் வந்தது 1858 சனவரி, பிப்ரவரித் திங்கள்களில். பனி விலகி வெயில் முதிராத பருவம். அன்றைய மதுரை ஒரு பெரும் மாற்றத்தை அண்மையில்தான் கடந்திருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலையும் அகழியையும் ஆட்சியர் பிளாக்பர்ன் 1840களில் இடித்துத் தூர்த்து நகரை விரிவாக்கியிருந்தார். இன்று வெளிவீதிகள் என வழங்குபவை அக்கோட்டையின் எல்லையைக் காட்டும் தடங்கள். பிளாக்பர்னின் நினைவாக நகரத்தார் நாட்டிய விளக்குத்தூணையும் டிரைப் படம்பிடித்தார். மதில் போயிற்று, மதிலை இடித்தவரின் நினைவுத்தூண் நின்றது. அத்தூணின் பெயரே இன்றும் கடைவீதிப் பகுதி ஒன்றின் பெயராக வழங்குகிறது.

திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையே அவர் கருவியை மிகுதியும் ஈர்த்தவற்றுள் ஒன்று. திருமலை மன்னர் 1659இல் மறைந்தபின் அவர் பேரர் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார் என்பது வரலாறு. எஞ்சியது இன்று காணும் மகாலைச் சூழ்ந்த சிறு பகுதியே. அதுவும் 1858இல் சிதைந்து கிடந்தது. இருவர் சேர்ந்து கைகோத்தாலும் வளைக்க இயலாத பருத்த தூண்களும், அவற்றைத் தாண்டி எழும் வளைவுகளும், வெடிப்புற்ற சாந்தும் அவர் படங்களில் நிற்கின்றன. பிரித்தானியக் கோட்டை இடிபாடுகளை அழகுக்காகப் படம்பிடித்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆயினும் மதுரை அரண்மனையில் இடிபாட்டின் சோகத்தை மட்டும் நாடவில்லை. எந்தத் தூண் எவ்வாறு நிற்கிறது, எந்த வளைவு எங்கே தொடங்குகிறது என்று அளந்து காட்டும் படைவீரனின் ஒழுங்கும் அப்படங்களில் உண்டு.

மகால் அழிந்துவிடவில்லை. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைச் செப்பனிடும் பணியைத் தொடங்கிவைத்தார். ஆதலின் இன்று மகாலில் நிற்பவர் காண்பது நாயக்கர் கட்டியதும் பிற்காலத்தார் புதுக்கியதும் கலந்த தோற்றம். புதுக்குவதற்கு முன்பிருந்த முகத்தை அறிய விரும்புவோர் டிரைப்பின் படங்களையே நாட வேண்டியிருக்கிறது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள புதுமண்டபத்தில் அவர் எடுத்த படங்கள் தனிச்சிறப்புடையவை. வேனில் விழாவுக்கெனத் திருமலை மன்னர் எழுப்பிய மண்டபம் அது. உள்ளே ஒளி குறைவு. அன்றைய வேதிப்பொருள்களோ மிகுந்த ஒளியை வேண்டுவன. இருபுறமும் தூண்கள் நிரலாக நிற்க, நடுவே நெடிது செல்லும் இடைவழியைக் காட்டும் படத்தில் ஒளி தூணுக்குத் தூண் படிப்படியாகத் தேய்ந்து செல்கிறது. பிற்காலத்தில் பல தலைமுறைகளாகத் தையற்காரர்களும் பாத்திர வணிகர்களும் புத்தகக் கடைக்காரர்களும் அந்த வழிகளில் வாழ்ந்தனர். மதுரை மக்களுக்குப் புதுமண்டபம் என்றால் தையல் எந்திரத்தின் ஓசையும் புத்தகத்தின் மணமுமாகவே இருந்தது. கடைகள் அண்மை ஆண்டுகளில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டபின் மண்டபம் மீண்டும் வெறுமையுற்றது. அவ்வெறுமையின் பழைய சாட்சி டிரைப்பின் படம்.

புதுமண்டபத்தின் எதிரே முற்றுப்பெறாமல் நிற்கும் ராயகோபுரத்தையும் அவர் விடவில்லை. கட்டி முடிந்திருந்தால் மதுரைக் கோபுரங்களையெல்லாம் விஞ்சியிருக்கக்கூடிய அடித்தளம் அது. அதன் நிலைக்கால்களில் ஏறிப் படர்ந்த கொடிச் செதுக்கங்களை அருகிருந்து காட்டினார். கோயிலின் அணிகலன்களையும் ஒரு படத்தில் நிரல்பட வைத்துப் பதிவு செய்தார்.

நகரைச் சூழ்ந்த வெளிகளிலும் அவர் கருவி திரிந்தது. படுத்த யானை போலத் தோன்றும் யானைமலையை அதன் முனைப்பக்கத்திலிருந்து காட்டிய படம் ஒன்றுண்டு. சமணர் தவம் புரிந்த குகைகளும் நரசிங்கர் குடைவரையும் உடைய அம்மலை, படத்தில் வயல்வெளிக்கு மேல் தனியொரு பாறையாக எழுந்து நிற்கிறது. வண்டியூர்த் தெப்பக்குளமும் அவர் வரிசையில் இடம்பெற்றது.

இவற்றுள் வையைப் படம் மதுரையார் நெஞ்சை நேரே தொடுவது. ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889இல்தான் எழுந்தது. பெரியாற்று நீர் வையைக்கு வந்தது 1895இல். டிரைப் கண்ட ஆற்றில் பாலமும் இல்லை, பெரியாற்றுப் பெருக்கும் இல்லை. பரந்த மணலும், அதனூடே நகரை நோக்கிச் செல்லும் தாழ்ந்த தரைப்பாதையும், தொலைவில் மதுரையுமே அங்கு உள்ளன. இலக்கியத்தில் பொங்கிப் பாயும் வையைக்கும் கோடையில் மணலாய்க் கிடக்கும் வையைக்கும் இடையே நின்று மனம் உழலும் கவிஞர்களுக்கு, அந்தப் படம் ஒரு செய்தி சொல்லும்: வறண்ட வையை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

தஞ்சையின் எழுத்துகள்

மதுரைக்குப் பின் புதுக்கோட்டை வழியே அவர் தஞ்சை சென்றார். அங்கு அவர் ஆற்றிய செயல் நிழற்பட வரலாற்றில் தனியிடம் பெற்றது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி நீளநீளமாகக் கல்வெட்டு ஓடுகிறது. ஒரு படத்தில் அடங்காத அந்த எழுத்தை அவர் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படம்பிடித்தார். இருபத்தொரு படங்களை ஒட்டுத் தெரியாமல் இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஒவ்வொரு முறையும் தொலைவும் உயரமும் மாறாதிருக்க வேண்டும். ஒளியும் ஒத்திருக்க வேண்டும். இன்றைய வசதிகளோடும் எளிதன்று அப்பணி.

அந்த எழுத்துகள் அவரால் படிக்கத்தக்கனவாக இருக்கவில்லை. அவற்றின் முழுப்பொருள் அன்று அறிஞருலகுக்கும் வெளிப்படவில்லை. கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசர் என்னும் உண்மையைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஹுல்ஷ் நிறுவியது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின்னரே; தஞ்சைக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பகுதி 1891இல் வெளிவந்தது. தமக்கு விளங்காத எழுத்தை, விளங்கிக்கொள்ளப் போகும் எவருக்காகவோ ஓர் எழுத்தும் விடாமல் படியெடுத்து வைத்தார் டிரைப். பொருள் அறியாமலே ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்த ஏடெழுதிகளின் மரபில் அவரையும் வைத்து எண்ணுவது பொருந்தும்.

ஆளுநர் மாறினார், பணி நின்றது

பயணம் முடிந்து சென்னையில் அச்சுப்பணி தொடங்கியது. மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக 1858இல் வெளிவந்தன. தஞ்சை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, ராயக்கோட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள் அமைந்தன. இரட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் கனவடிவம் தோன்றும் இணைப்படங்களும் ஒரு தொகுதியாயின. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படம்பிடித்தார். ஒவ்வொரு படியையும் வெயிலில் தனித்தனியே அச்சிட்டு அட்டையில் ஒட்ட வேண்டியிருந்ததால், ஆயிரக்கணக்கான தாள்கள் கைகளாலேயே ஆக்கப்பட்டன. அப்பணியில் இந்திய உதவியாளர்களின் உழைப்புப் பெரிது. அவர்களுள் ஐயாசாமி என்பவர் பின்னர்ச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் நிழற்படப் பணியைத் தொடர்ந்தார். ஏனையோர் பெயர்கள் படங்களின் அடியில் இல்லை.

1858 நவம்பரில் கம்பெனி ஆட்சி முடிந்து அரசியாரின் ஆட்சி வந்தது. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் செலவைக் குறைப்பதில் உறுதியானவர். அரசு நிழற்படப் பணி அவர் கண்ணுக்கு வேண்டாத ஆடம்பரமாகத் தோன்றியது. பணியை நிறுத்த ஆணை பிறந்தது. டிரைப் எண்ணியிருந்த அடுத்த பயணங்கள் எண்ணத்தோடு நின்றன. ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் தொடங்கி வளர்ந்து முதிர்ந்த ஒரு கலைவாழ்வு, 1860 அளவில் முடிந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை.

அதன்பின் அவர் மீண்டும் வெறும் படைவீரரானார். 1870 அளவில் பர்மாவில் சில படங்கள் எடுத்ததன்றி, அக்கலையை அவர் தொடரவில்லை. பதவி உயர்ந்து ஓய்வுபெற்று, பிறந்த ஊரான டெவன்போர்ட்டுக்கே திரும்பினார். 1902ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், எண்பதை எட்டும் முன் அங்கேயே மறைந்தார். அவருக்குப் பின் 1860களின் இறுதியில் எட்மண்ட் லயன் போன்றோர் மதுரையைப் படம்பிடித்தனர். கண்ணாடித் தகட்டு முறை பரவியபின் காகித எதிர்ப்படம் வழக்கொழிந்தது. டிரைப்பின் தொகுதிகள் நூலகங்களின் இருட்டறைகளில் நெடுங்காலம் உறங்கின.

காலம் தந்த இடம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர்கள் அவரை மீண்டும் கண்டெடுத்தனர். 2014ஆம் ஆண்டு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், 2015இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. மதுரைத் தூண்களையும் யானைமலையையும் வையை மணலையும் உலகத்தார் கண்ணாடிச் சட்டத்துக்குள் கண்டனர்.

அப்படங்களில் இல்லாததையும் எண்ணிப் பார்ப்பது முறையாகும். மதுரையின் மக்கள் அவற்றில் மிகமிகக் குறைவு. பூக்காரியும் ஓதுவாரும் தறி நெய்வோரும் இல்லாத மதுரை மதுரையாகுமா? கருவியின் தாமதம் அசைந்தவர்களை அழித்தது என்பது ஒரு காரணம். ஆளவந்தோருக்கு வேண்டியிருந்தது கட்டடக் கணக்கே என்பது மற்றொரு காரணம். வென்ற நாட்டின் உடைமைகளை எண்ணிக் குறிக்கும் அரசின் கண் அப்படங்களுக்குப் பின்னே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அரசின் நோக்கத்தோடு அந்த உழைப்பு முடிந்துவிடவில்லை. ஓரிரு ஆண்டுக் கணக்கில் வீண்செலவு என்று தள்ளப்பட்டது, நூற்றைம்பது ஆண்டுக் கணக்கில் விலைமதிப்பற்ற ஆவணமாயிற்று. பணியை நிறுத்திய ஆணை கோப்பில் கிடக்கிறது. நிறுத்தப்படும் முன் எடுத்த படங்களில் மகால் நிற்கிறது.

மதில் இடிந்தது. அரண்மனை பாதி போயிற்று. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றித் தூண்களும் கூரையும் சிதைந்தபோது, கல்லும் நிலையானதன்று என்பதை மதுரை மீண்டும் உணர்ந்தது. கல்லைவிட மெலிந்தது காகிதம். அதன்மேல் படிந்த வெள்ளி உப்பின் நிழலோ அதனினும் மெலிந்தது. கவிஞர்கள் நன்கறிந்த உண்மை ஒன்றை டிரைப்பின் வாழ்வு வேறொரு வழியில் மெய்ப்பித்தது: மெலிந்ததில் எழுதியதும், கருத்தோடு எழுதியதாயின், திண்ணியதைக் கடந்து நிற்கும்.